பொரிக் கவரில் வந்த கான்கார்ட்

என்னோடு பத்தாவது படித்தவர்களே,

போன தை மாதம் தாம்பரத்தில், நம்மில் ஒருத்தியின் மகள் கல்யாணத்தில், நாம் ஆறு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை, மருமகள் சமையல் எல்லாம் பேசி முடித்து ரசத்துக்கு வந்திருந்தோம். அப்போது முன் பெஞ்சு வாயாடி, நாற்பது வருஷமாகியும் வாய் குறையாதவள், இலையைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏய், அந்தக் கான்கார்ட் திருடி இப்ப எங்கடி இருக்கா?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி விளக்கேற்றினேன். தினமும் சொல்கிற கந்தன் துதி, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்று இரண்டாவது வரிக்கு மேல் வரவில்லை. முருகன் படத்தில் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது என்னைப் பார்த்து "நீ சிரித்தாயா?" என்று கேட்கிற மாதிரி இருந்தது.

நான் பத்தாவதோடு நின்றவள். கடிதம் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளிக்கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழை பிடித்தால் டீச்சர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். காற்று ஒரு பக்கம் திரும்பினால் தோல் பதனிடுகிற இடத்து வாடை வரும், மறுபக்கம் திரும்பினால் அனகாபுத்தூர் தறிச் சத்தம் வரும். மணி என்று தனியாகக் கிடையாது. வேப்ப மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. அதை இரும்புக் கம்பியால் அடிப்பது ஆயாவின் வேலை. ஆயாவுக்கு நேரம் தவறாது. அவள் அடித்த பிறகுதான் பெரிய டீச்சர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார் என்று நாம் கேலி பேசுவோம்.

அந்த ஆயாவின் மகள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அனகாபுத்தூரில் ஆற்றுப் பக்கம் அவர்கள் வீடு. அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் உட்கார்ந்து பேப்பர் கவர் ஒட்டுவார்கள். மளிகைக் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் போகிற கவர். அவள் விரல் நுனியில் எப்போதும் மைதா பசை காய்ந்து செதில் செதிலாக இருக்கும். கணக்கில் ஏதோ பாஸ் பண்ணுவாள். அறிவியலில் அதுவும் சந்தேகம். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள்.

நான் எல்லாப் பாடத்திலும் முதல். கிளாஸ் லீடரும் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது வேண்டும்.

இங்கிலீஷ் டீச்சர் தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, பச்சை மை பேனா. அவருக்குப் பிடித்த பாடம் கான்கார்ட். வாக்கியத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்றபடி 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா, 'ஹேஸ்' போடுவதா 'ஹேவ்' போடுவதா என்கிற பாடம். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியத்தையும் போலீஸ்காரர் மாதிரி நிறுத்தி வைத்து விசாரிக்க வேண்டும்.

"எந்த வார்த்தையையும் நம்பாதீங்கடி," என்பார் டீச்சர். "பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பாத்து ஏமாந்துடாதீங்க. 'எ பாஸ்கெட் ஆஃப் மாங்கோஸ்'. மாம்பழத்தைப் பாத்து 'ஆர்' போட்டா போச்சு. கூடை ஒண்ணுதானே?"

"கூடையைத் திங்க முடியாதே டீச்சர்," என்றாள் வாயாடி.

"நீ தின்னாலும் திம்பே. 'இஸ்' போடு."

'நியூஸ்' என்பது பார்க்கப் பன்மை, உள்ளே ஒருமை. 'டென் மைல்ஸ்' பத்து மைலாக இருந்தாலும் தூரம் ஒன்று. 'ப்ரெட் அண்ட் பட்டர்' இரண்டு பொருள், ஆனால் ஒரே சாப்பாடு. 'எ நம்பர் ஆஃப்' என்றால் பன்மை, 'தி நம்பர் ஆஃப்' என்றால் ஒருமை. எனக்கு அந்தப் பாடம் நடந்த மாதம் முழுக்கத் தலை கிறுகிறுத்தது. ஒன்று போல் இருப்பது பலவாக இருக்கிறது, பல போல் இருப்பது ஒன்றாக இருக்கிறது. யாரையும் பார்த்த மாத்திரத்தில் நம்பக் கூடாது என்று அந்தப் பாடத்திலிருந்து நான் கற்றுக்கொண்டேன். டீச்சர் கற்றுக்கொடுக்க நினைத்தது அதுவல்ல.

தீபாவளி முடிந்து, கந்தசஷ்டிக்கு அம்மாவோடு நானும் ஆறு நாள் விரதம் இருந்தேன். அதற்கு அடுத்த வாரம் டெஸ்ட். கான்கார்டில் மட்டும் பத்துக் கேள்வி, சைக்ளோஸ்டைல் எடுத்த தாளில், கை வைத்தால் மை ஒட்டும் ஈரத்தோடு வந்தது. "இந்தப் பத்துல ஆறுக்கு மேல எடுத்தவ இந்த ஸ்கூல்லயே கிடையாது," என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

எனக்கு ஏழு வந்தது. டீச்சர் கைதட்டச் சொன்னார். நீங்கள் தட்டினீர்கள். பிறகு அவர் கடைசித் தாளை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பத்துக்குப் பத்து" என்று ஆயா மகளின் பெயரைச் சொன்னார். யாரும் தட்டவில்லை. டீச்சரே தட்டவில்லை.

"யாரைப் பாத்து எழுதின?"

"யாரையும் பாக்கல டீச்சர்."

யாரைப் பார்த்திருக்க முடியும்? பக்கத்தில் இருந்தவள் நான். எனக்கே ஏழுதான்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அவளை விசாரித்தேன். "தி செக்ரெட்டரி அண்ட் ட்ரெஷரர்... அது எப்படிடி 'ஹேஸ்' போட்டே? ரெண்டு பேரு இல்ல?"

அவள் புளிச்சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவ எடுத்துக்கோ. ஸ்கூலுக்கு ஆயா, எனக்கு அம்மா. ஆளு ஒண்ணுதான? 'தி' ஒரு வாட்டி போட்டா ஒரே ஆளு. ரெண்டு வாட்டி போட்டாத்தான் ரெண்டு ஆளு."

டீச்சர் மூன்று நாள் சொல்லியும் எனக்குப் புரியாதது அந்த ஒரு கவளத்தில் புரிந்தது. புரிந்ததும் சந்தோஷம் வர வேண்டும் அல்லவா? எனக்குச் சந்தேகம் வந்தது.

"உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. வூட்ல ஒரு நோட்டு இருந்துச்சு. அதுல படிச்சேன்."

"நோட்டா? நாளைக்கு எடுத்துட்டு வா, பாக்கலாம்."

"இல்லடி. கிழிச்சு கவர் போட்டாச்சு."

"யாரோட நோட்டு?"

அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், இதை யார் நம்புவார்கள்? எனக்கு உடனே எல்லாம் கோர்வையாக விளங்கிவிட்டது. சைக்ளோஸ்டைல் மெஷின் இருக்கிறது ஆபீஸ் ரூமில். அந்த ரூமைப் பெருக்குகிறவள் ஆயா. மெஷினில் முதலில் வருகிற நாலைந்து தாள் மை அப்பிக் கெட்டுப்போகும், குப்பைக் கூடைக்குப் போகும். கூடையைக் கொட்டுகிறவளும் ஆயா. பேப்பர் எதுவானாலும் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறவளும் அவளே. கேள்வித்தாள் நோட்டு ஆனது, நோட்டு கவர் ஆனது. நான் இதை வாயாடியிடம் மட்டும்தான் சொன்னேன், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் மூன்று நாள் ஆகியிருக்கும். அவள் ஒரே பீரியடில் முடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காம்பவுண்டு சுவருக்கு வெளியே, அரசமரத்துப் பிள்ளையாருக்கு முன்னால் நாம் கூடியது உங்களுக்கு மறந்திருக்காது. கற்பூரம் நான் கொண்டு வந்தது. அம்மாவின் பூஜை டப்பாவிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் முடிந்து, பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். ஓட்டுச் சில்லின் மேல் வைத்துப் பற்ற வைத்தோம். நம் வீடுகளில் ஒரு கம்மல் காணாமல் போனால்கூட இதுதான் வழக்கம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து "நான் எடுக்கலை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. பொய்ச் சத்தியம் செய்தவர் கை விளங்காமல் போகும் என்று நம்பினோம்.

"அடிச்சு அணை. எடுக்கலன்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு," என்றாள் வாயாடி.

ஆயா மகள் கற்பூரத்தைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் மாட்டேன்டி. எங்க சபைல சத்தியம் பண்ணக் கூடாது."

"ஏன், கை பொசுங்கிடுமா?"

"எதுமேலயும் பண்ணக் கூடாது. வேதத்துமேலகூட பண்ணக் கூடாது. நான் எடுக்கல. அவ்ளோதான்."

"எடுக்கலன்னா அணைக்க வேண்டியதுதானே? பாருங்கடி, மூஞ்சி வேர்க்குது!"

கற்பூரம் தானாக எரிந்து அடங்குகிற வரைக்கும் நாம் நின்றோம். அவளும் ஓடிப் போகாமல் நின்றாள். கடைசியில் சில்லில் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. ஆறு நாள் விரதம் இருந்து பச்சை மாவிளக்குத் தின்ற எனக்கு முருகனே காட்டிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு சபைக்கார அம்மாள் குடி வந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்க பிள்ளை மேல சத்தியமா சொல்லுங்க" என்று நான் விளையாட்டாகக் கேட்டதற்கு அவர் முகம் மாறிவிட்டது. ஆணையிடுவது அவர்களுக்குப் பெரிய பாவமாம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. அவள் திருடியாக இருந்திருந்தால் அந்தக் கற்பூரத்தை அன்றே அடித்து அணைத்துவிட்டுப் போயிருப்பாள். சாமிக்குப் பயந்ததால்தான் கையைக் கட்டிக்கொண்டாள். அவள் சாமி வேறு என்பதுகூடவா எனக்கு அப்போது உறைக்கவில்லை?

விஷயம் பெரிய டீச்சர் காதுக்குப் போனது. அவர் ஆயாவிடமிருந்து ஆபீஸ் ரூம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "கார்த்திகை லீவு முடிஞ்சதும் கூப்பிட்டு விசாரிப்பேன். திருட்டுன்னு தெரிஞ்சா வேலை கிடையாது," என்று வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஆயா போய் மணி அடித்தாள். அன்றும் நேரம் தவறவில்லை.

கார்த்திகைக்கு முதல் நாள் அம்மா என்னைப் பொரி வாங்க அனுப்பினாள். அனகாபுத்தூர்க் கடையில் மலை மாதிரி நெல்பொரி குவித்திருந்தார்கள். இரண்டு கவர் வாங்கி வந்து, அம்மா வெல்லப்பாகு பதம் பார்க்கும்போது நான் கவரைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டினேன். கவரின் உள்பக்கம் கோடு போட்ட தாள். இங்கிலீஷ் எழுத்து. 'ப்ரெட் அண்ட் பட்டர்'. 'டென் மைல்ஸ்'. 'ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ்'. பசை ஒட்டிய மடிப்பை எச்சில் தொட்டுப் பிரித்தேன். டெஸ்டில் வந்த பத்தில் ஏழு வாக்கியம் அந்த ஒரே தாளில் இருந்தது. கையெழுத்து இங்கிலீஷ் டீச்சருடையது. அந்த வளைந்த 'ஜி' யாருக்கும் வராது.

"பாகு முறுகுதுடி, பொரிய கொண்டா!" என்று அம்மா கத்தினாள். என் காதில் விழவில்லை. டீச்சர் எழுதி வைத்த கேள்வித்தாளையே திருடிவிட்டார்கள், இதோ என் கையில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்தேன். அந்த வருஷம் பொரி உருண்டை கருகல் வாசனையோடு இருந்தது.

தாள் பழுப்பேறி இருந்ததையும், ஓரத்தில் குண்டூசி துருக் கறை இருந்ததையும் பார்த்தேன். வாக்கியங்களுக்கு நடுவே சிவப்பு மையில் அடித்துத் திருத்தியிருந்ததையும் பார்த்தேன். நம் டீச்சர் சிவப்பு மையைத் தொட்டதே இல்லை, பச்சை மட்டும்தான். இத்தனையும் கண்ணில் பட்டது. ஒன்றுகூட மனசுக்குள் இறங்கவில்லை.

லீவு முடிந்ததும் பிரேயருக்கு முன்பே அதை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். மேலே பொரித் தூள் ஒட்டியிருந்ததை ஊதினார். முகம் வெளுத்துப்போயிற்று.

"எங்க கிடைச்சுது?"

"பொரிக் கடைல டீச்சர். ஆயா வீட்டுக் கவர்."

"என்கூட வா."

பெரிய டீச்சர் ரூமில் நடந்தது உங்களில் யாருக்கும் தெரியாது. அங்கே ஐந்து பேர் இருந்தோம். பெரிய டீச்சர் நாற்காலியில், இங்கிலீஷ் டீச்சர் மேஜை ஓரத்தில். ஆயா வாசற்படியில், துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி. அவள் மகள் சுவரோடு ஒட்டி. சாட்சி சொல்ல வந்த பெருமையில் நான்.

"இது கேள்வித்தாள் இல்ல மேடம்," என்றார் இங்கிலீஷ் டீச்சர். "இது என் நோட்டு. டீச்சர் ட்ரெய்னிங் படிச்சப்ப நான் எழுதினது. போன கிறிஸ்துமஸ் லீவுல ஸ்கூலுக்கு வெள்ளையடிச்சப்ப பழைய பேப்பர் எல்லாத்தையும் நான்தான் ஆயாவை எடுத்துட்டுப் போகச் சொன்னேன். இது அதுல போயிருக்கு. வருஷா வருஷம் நான் இதுல இருந்துதான் கேள்வி எடுப்பேன். மனப்பாடமே ஆயிடுச்சு."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆயாவும் உங்க ஆளுங்க..."

நானும் அதையேதான் நினைத்தேன். இரண்டு பேரும் சர்ச்சுக்காரர்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று. டீச்சர் போவது தாம்பரத்தில் மணிக்கூண்டு வைத்த பெரிய கோயில். ஆயா போவது ஆற்றோரத்து ஓலைக் கொட்டகைச் சபை. இவர்கள் அங்கே போக மாட்டார்கள், அவர்கள் இங்கே வர மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

"நோட்டு யாருதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று பெரிய டீச்சர் மகளைக் கேட்டார்.

"தெரியும் டீச்சர். மொத பக்கத்துல பேரு இருந்துச்சு."

"அப்ப இத்தனை நாளா ஏன் சொல்லல? உங்கம்மா வேலை போறதா இருந்துதே!"

அவள் தரையைப் பார்த்தாள். "நெறய தப்பு இருந்துச்சு டீச்சர். எல்லாம் சிவப்பு மையில அடிச்சிருந்தாங்க."

இங்கிலீஷ் டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பத்தில் ஆறுக்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அப்போது புரிந்தது. அந்தப் பத்தும் அவர் ஒரு காலத்தில் தப்பாகப் போட்டது.

"கவர் ஒட்டுறப்ப பசை காயணும் டீச்சர்," என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அதுவரைக்கும் படிச்சிகினு இருப்பேன். தப்பையும் பாத்து, திருத்துனதையும் பாத்தா நல்லா மனசுல நிக்குது."

பெரிய டீச்சர் லேசில் விடுகிறவர் அல்ல. "நோட்டுல இருக்கறதை யார் வேணா ஒப்பிக்கலாம். நான் புதுசா கேக்கறேன்," என்று பத்து வாக்கியம் அங்கேயே கட்டினார். "தி ஹெட்மிஸ்ட்ரஸ், அலாங் வித் தி டீச்சர்ஸ்... கமிங்."

"இஸ்."

"நீதர் தி கேர்ள்ஸ் நார் தி லீடர்... ஆப்சென்ட்."

"இஸ் டீச்சர். கிட்ட நிக்கிறது லீடர்."

ஒவ்வொன்றுக்கும் எனக்குள் நானும் பதில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தப்பிவிட்டது. அவள் எட்டு வரைக்கும் நிற்காமல் போனாள். ஒன்பதாவது, "மோர் தென் ஒன் கேர்ள்... ஆப்சென்ட்."

"இஸ்."

"தப்பு," என்றார் பெரிய டீச்சர். "ஒண்ணுக்கு மேலன்னா ஒருத்தியா?"

ஆயா வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைக்கிறேன்.

"இல்ல டீச்சர்," என்றாள் மகள். "இஸ்தான்."

"நான் தப்புன்னு சொல்றேன், மாத்திக்கோ."

"இஸ்தான் டீச்சர்."

பெரிய டீச்சர் இங்கிலீஷ் டீச்சரைப் பார்த்தார். அவர் மெதுவாக, "அவ சொல்றதுதான் சரி மேடம்," என்றார். அலமாரியிலிருந்து தடித்த இலக்கணப் புத்தகம் வந்தது, பக்கம் புரண்டது. பெரிய டீச்சர் புத்தகத்தைச் சத்தமில்லாமல் மூடினார். பத்தாவதையும் கேட்டார். அதுவும் சரி.

"போ ஆயா. உன் வேலை உனக்கு இருக்கு," என்றார். பிறகு இங்கிலீஷ் டீச்சரிடம், "நோட்டு விஷயம் கிளாஸ்ல போச்சுன்னா பொண்ணுங்க உங்களை மதிக்காதுங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம். லீடர் போய்ச் சொல்லட்டும்," என்று என் பக்கம் திரும்பினார். "டெஸ்ட் வெச்சுப் பாத்தோம், எல்லாம் சரியாச் சொன்னா, அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு மட்டும் சொல்லு. உன் வார்த்தைய எல்லாரும் கேப்பாங்க."

டீச்சரின் மானத்தைக் காக்கப் பார்த்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பொண்ணு அதே மானத்தை இத்தனை நாள் தனியாகக் காத்தாளே, அவளைக் காக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். ஆளைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்.

நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நீங்கள் மொய்த்துக்கொண்டீர்கள்.

"என்னடி ஆச்சு? ஒத்துக்கிட்டாளா?"

"தெரியல," என்றேன். "பேசிக்கிட்டு இருக்காங்க."

அதைச் சொன்னது ஏழு மார்க்கின் பொறாமைதான். கூடவே, கண்ணால் பார்த்த பிறகும் உள்ளே ஒரு மூலையில், இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஏதோ செய்துவிட்டார்கள் என்ற நினைப்பு போகவில்லை. சந்தேகம் பிடித்தால் அப்படித்தான். சாட்சி போதவில்லை என்று ஆரம்பிக்கும். சாட்சி வந்தால், இவ்வளவு பொருத்தமாக எப்படி வந்தது என்று அதையே சந்தேகப்படும்.

அரைப்பரீட்சை நெருங்கியது. உங்கள் அம்மாக்கள் சிலர் கேட்டுக்கு வந்து, திருட்டு ஆயாவை வைத்துக்கொண்டா பரீட்சை நடத்துகிறீர்கள் என்று கத்தினார்கள். பெரிய டீச்சர் பயந்தார். பரீட்சை முடிகிற வரைக்கும் வகுப்புப் பக்கம் வர வேண்டாம், கேட்டோடு இரு என்று ஆயாவிடம் சொல்லிவிட்டார். மகள் பின்பெஞ்சுக்கு மாறினாள். மறுபடி வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு காலை நான் சீக்கிரம் வந்து, காலி வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆயா வந்து நின்றாள். உள்ளே வரக் கூடாது என்பதால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, லீடர் பொண்ணே தெரியலன்னு சொல்லுதுன்னு கேட்டாண்ட எல்லாரும் சொல்றாங்கோ. நீ அங்க இருந்தல்ல? எம் பொண்ணு சொன்னத கேட்டல்ல? ஒரு வார்த்த சொல்லும்மா. உன் பேச்சுன்னா நம்புவாங்கோ."

"எனக்குக் கணக்குப் பரீட்சை இருக்கு ஆயா," என்றேன். நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"சரிம்மா. படி," என்றாள். திட்டவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனாள்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்தபோது மணி அடித்தது வேறு ஆள். மகளும் வரவில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் மாமன் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். மார்ச் மாதம் பப்ளிக் எழுதினாளா இல்லையா, தெரியாது. எனக்கு அந்த வருஷம் இங்கிலீஷில் முதல் பரிசு கொடுத்தார்கள். இங்கிலீஷ் டீச்சர்தான் மேடையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். கூச்ச சுபாவம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நான் முருகனிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவனிடம் கேட்பது எனக்குச் சுலபம், பதில் பேச மாட்டான். கேட்க வேண்டிய இரண்டு பேர் எங்கே என்று தெரியாது. நீங்கள் அறுபதை நெருங்கியும் பந்தியில் சிரிக்கிறீர்கள் என்றால், அதற்கு நான் அன்று சொல்லாததுதான் காரணம். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்களில் யாருக்காவது அவர்கள் இருக்கும் இடம் தெரிந்தால் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆயா இருக்கிறாளோ இல்லையோ, மகளிடம் கொடுங்கள். அன்று ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டதற்குப் பதில் இது.

இருந்தேன் ஆயா. அந்த ரூமில் நானும் இருந்தேன். உங்கள் மகள் சொன்னதை என் காதால் கேட்டேன். பத்தும் சரி.